ஸ்கூபா கற்கத் தொடங்குபவருக்கு: எந்தச் சான்றிதழ், எவ்வளவு ஆழம், எந்த வரிசை?

அந்தமானின் ஹேவ்லாக்கிலோ புதுச்சேரியிலோ ஒரு முறை கடலுக்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் பலர் "ஸ்கூபா முடிச்சாச்சு" என்பார்கள். அவர்கள் செய்தது பெரும்பாலும் அறிமுக டைவ். அதற்கு அழகான தாள் ஒன்று கொடுத்திருந்தாலும், அதைக் காட்டி வேறு ஊரில் ஒரு சிலிண்டர்கூட வாடகைக்கு எடுக்க முடியாது. தனக்கென்று ஒரு டைவைத் திட்டமிட்டு, துணையோடு இறங்கி, பத்திரமாக மேலே வரத் தெரிந்தவருக்குத்தான் டைவர் அட்டை கிடைக்கும். அந்த அட்டைகளை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: அறிமுக டைவ் (விருப்பம் இருந்தால்)

பயிற்றுநர் பின்னாலிருந்து உங்களைப் பிடித்துக்கொண்டே வருவார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். தண்ணீருக்குள் மூச்சுவிடுவது ஒத்துவருகிறதா என்று பார்க்க இது போதும். கற்பது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் நேராகப் பயிற்சிக்கே போகலாம், காசு மிச்சம்.

படி 2: உடம்பு, நீச்சல்

முதலில் மருத்துவப் படிவம் ஒன்று கையில் வரும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை என்று நீளமாகக் கேட்பார்கள். பயணத்துக்கு முன்பே அந்தப் படிவத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். கவலைக்குரிய பதில் எதுவும் இருந்தால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். தீவுக்குப் போய் இறங்கிய பிறகு அதற்காக அலைவது பெரிய தொல்லை. கையெழுத்துக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதுபவர்களும் உண்டு. அது தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் வேலை.

நீச்சலில் வேகம் பார்ப்பதில்லை. பேடி (PADI) என்னும் டைவிங் பயிற்சி அமைப்பின் விதிப்படி 200 மீட்டர் இடைவிடாமல் நீந்த வேண்டும், அப்புறம் 10 நிமிடம் மிதக்க வேண்டும்.

படி 3: யாரிடம் கற்பது?

பேடி 1966-இலும் எஸ்.எஸ்.ஐ. 1970-இலும் அமெரிக்காவில் தொடங்கியவை. நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இவ்விரண்டையும்தான். ஐரோப்பாவில் சி.எம்.ஏ.எஸ். என்ற கூட்டமைப்பின் நட்சத்திர முறையும் உண்டு. எது உயர்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பேடி அட்டையை எஸ்.எஸ்.ஐ. மையத்தில் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள், மறுபுறமும் அப்படியே.

பயிற்றுநர்தான் முக்கியம். பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஒருவருக்கு எத்தனை மாணவர்? முதல் நாளிலிருந்து கடைசி வரை அவரேதான் வருவாரா? ஒரு பயிற்சி சரியாக வராவிட்டால் கூடுதல் நாள் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு மையம் பாருங்கள்.

படி 4: ஓப்பன் வாட்டர்

இதுதான் அடிப்படை அட்டை. வழக்கமாக மூன்று, நான்கு நாள். 10 வயதிலிருந்து ஜூனியர் அட்டை, 15 முதல் முழு அட்டை. 18 மீட்டர் வரை, இன்னொரு டைவரைத் துணையாகக் கொண்டு இறங்கலாம்.

பாடத்தை ஊரிலேயே இணையத்தில் படித்துத் தேர்வையும் முடித்துவிட்டால் கடலோரத்தில் ஒரு நாள் மிஞ்சும். பாடத்தில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கி மூழ்குவார். அவர் நுரையீரலில் இருப்பது மேலே இழுத்த காற்று, எழும்பி வந்தாலும் பழைய அளவுக்குத்தான் திரும்பும். ஸ்கூபாவில் நீங்கள் அடியிலேயே அழுத்தக் காற்றைச் சுவாசிக்கிறீர்கள். 10 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல இரு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்கு இடம் கேட்கும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். ஆகவே முதல் விதி: மூச்சை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். காதுக்கும் இதே கணக்குதான். இறங்க ஆரம்பித்த உடனேயே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன் செய்யுங்கள், வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. வலித்தால் சற்று மேலே ஏறி மறுபடி முயலுங்கள்.

அடுத்து நீச்சல்குளத்திலோ ஆழமில்லாத கடலிலோ பயிற்சி. வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) தேடி எடுப்பது, துணைவரின் உபரி ரெகுலேட்டரில் சுவாசிப்பது, அசையாமல் நடுநீரில் நிற்பது எல்லாம் இங்கேதான். பலரும் மிரள்வது மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றுவதற்கு. தலையைச் சற்று நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கு வழியாக நிதானமாக ஊதுங்கள், தண்ணீர் கீழே வடியும். மூக்கால் உறிஞ்சிவிடுவதுதான் பதற்றத்துக்குக் காரணம். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி, ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக் குழாயில் வாயால் மட்டும் மூச்சுவிட்டுப் பழகுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

கடைசியாகக் கடலில் நான்கு டைவ். அதோடு அட்டை கையில்.

படி 5: கொஞ்சம் பொறுங்கள்

ஓப்பன் வாட்டர் முடித்த மறுநாளே அட்வான்ஸ்டு என்று சேர்த்து விற்பார்கள். விதிப்படி தவறில்லை. ஆனால் மிதப்பைக் கட்டுப்படுத்துவது இன்னும் கைவராமல், பவளத்தை உதைத்துக்கொண்டு திரிபவர் 30 மீட்டரில் என்ன கற்பார்? இடையில் சில டைவ்களைச் சும்மா அனுபவித்துச் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள்: ஆழம், நேரம், மிச்சக் காற்று, மூழ்குவதற்கு எத்தனை கிலோ எடை கட்டினீர்கள். அந்த எடைக் குறிப்பு அடுத்த பயணத்தில் கண்டிப்பாக உதவும்.

படி 6: அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர்

பெயரைப் பார்த்து மிரளவோ மயங்கவோ வேண்டாம். பேடி முறையில் ஐந்து டைவ்கள். ஆழ டைவும் திசையறிதலும் கட்டாயம், மீதி மூன்று உங்கள் விருப்பம். எல்லை 30 மீட்டராகிறது. பாலித் தீவின் துலாம்பெனில் கிடக்கும் லிபர்ட்டி கப்பல் ஏறத்தாழ 5 மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை சரிந்து கிடக்கிறது. ஓப்பன் வாட்டர் அட்டைக்கு அதன் மேல்பகுதி, இந்த அட்டைக்கு மீதியும். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவர் எவருக்கும் 30 மீட்டர்தான் எல்லை.

படி 7: அதற்கு மேல்

நைட்ராக்ஸ் என்னும் ஆக்சிஜன் கூடிய காற்றுக்கான பயிற்சி சின்னது, பயனுள்ளது. ஒரே நாளில் பல டைவ் செய்பவர்களுக்கு அடியில் தங்கும் நேரம் கூடும். அதைவிட நான் பரிந்துரைப்பது ரெஸ்க்யூ, அதாவது ஆபத்தில் சிக்கிய டைவரை மீட்கும் பயிற்சி. முதலுதவிப் பயிற்சியோடு சேர்ந்தது. அதுவரை உங்களைப் பற்றியே யோசித்தவர், பக்கத்தில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தே பதற்றத்தை அறியப் பழகுவீர்கள். பேடியின் மாஸ்டர் ஸ்கூபா டைவர், ரெஸ்க்யூவும் ஐந்து சிறப்புப் பயிற்சிகளும் 50 டைவ்களும் முடித்தவருக்கான அங்கீகாரம், கற்பிக்கும் உரிமை அல்ல. டைவ்மாஸ்டரிலிருந்து தொழில்முறை தொடங்குகிறது. அது வேறு பாதை.

ஆழ டைவ் சிறப்புப் பயிற்சி முடித்தால் 40 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை அதுதான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதன் அடித்தளம் வரை போக ஆசையென்றால் பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டுவதற்கான டெக்னிகல் டைவிங் கற்க வேண்டும். யாராவது "பரவாயில்லை, நான் கூட்டிப் போகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள்.

அட்டைகள் காலாவதி ஆவதில்லை. ஆனால் ஓராண்டு இடைவெளி விழுந்தால் நீச்சல்குளத்தில் ஒரு மறுபயிற்சி செய்துகொண்டு போவது நல்லது. விமான டிக்கெட் எடுக்கும்போதும் கவனம்: பல டைவ்கள் செய்திருந்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். போர்ட் பிளேரில் காலை விமானம் என்றால், முந்தைய நாள் டைவ் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு.