அதிபர் ஓடிய மறுநாள் பேப்பரை எப்படிப் படிப்பது?

2011 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பதரை மணி. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்கு அன்று நான்தான் பொறுப்பு. எகிப்தின் துணை அதிபர் ஒமர் சுலைமான் டிவியில் தோன்றி, அதிபர் முபாரக் பதவி விலகிவிட்டார் என்றார். அவர் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. வெளியூர் எடிஷன் அச்சுக்குப் போக இருபது நிமிடம் இருந்தது. அவசரத்தில் நான் போட்ட தலைப்பு, ‘எகிப்தில் மலர்ந்தது மக்களாட்சி’.

சுலைமானின் பேச்சில் மறுபாதி ஒன்று இருந்தது. நாட்டை நடத்தும் பொறுப்பை ஆயுதப் படைகளின் உயர் கவுன்சிலிடம் முபாரக் ஒப்படைத்தார் என்பதுதான் அது. அதைக் கொண்டுபோய் ஐந்தாவது பத்தியில் வைத்திருந்தேன். டெஸ்க்கில் யாரும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் அந்தத் தலைப்பு எனக்கு உறுத்துகிறது. அடுத்து எங்காவது ஒரு அதிபர் விமானம் ஏறினால் (ஏறுவார், சந்தேகமே வேண்டாம்) ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு இப்படிப் படித்துப் பாருங்கள்.

போனவரை முதலில் விட்டுவிடுங்கள். அரண்மனை, கார்கள், மனைவியின் நகை எல்லாம் ஒரு வாரத்துக்குத் தானாகவே வரும். யாரிடம், எந்தச் சட்டப் பிரிவின்படி பொறுப்பு கைமாறியது என்ற வாக்கியத்தைத் தேடிப் பிடியுங்கள். எகிப்துக்கு நான்கு வாரம் முன்பு, ஜனவரி 14 அன்று, துனிசியாவிலிருந்து அதிபர் பென் அலி ஓடினார். பிரதமர் முகமது கன்னூச்சி, அரசியல் சாசனத்தின் 56-வது பிரிவைக் காட்டி, தான் தற்காலிகமாக அதிபர் பொறுப்பை ஏற்பதாக அறிவித்தார். அதிபரால் தற்காலிகமாகப் பணியாற்ற முடியாதபோது பயன்படுத்தும் பிரிவு அது. அதாவது, பென் அலி திரும்பி வந்து நாற்காலியில் உட்காரலாம். மறுநாளே சாசன கவுன்சில் 57-வது பிரிவை எடுத்தது. பதவி நிரந்தரமாகவே காலி என்றானது. சபாநாயகர் ஃபுவாத் மெபாசா இடைக்கால அதிபர் ஆனார். மாறியது ஒரே ஒரு எண்தான், ஆனால் பென் அலிக்குக் கதவு சாத்தியாகிவிட்டது.

பெயர்களையும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். துனிசியாவில் இன்னொரு கன்னூச்சி உண்டு. பென் அலியின் பிரதமர் முகமது. லண்டனில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டு அந்த ஜனவரி கடைசியில் ஊர் திரும்பிய இஸ்லாமியத் தலைவர் ராஷித். ஒருவர் செய்திக்கு மற்றவர் படத்தைப் போட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அப்புறம் தேதி. நோட்டின் இடது பக்கம் சொன்னது, வலது பக்கம் நடந்தது. ஆட்சியைப் பிடித்த இரண்டாம் நாள் எகிப்து ஜெனரல்கள் சொன்னது: ஆறு மாதம், அல்லது தேர்தல் முடியும்வரை. அந்த ‘அல்லது’ அன்று என் கண்ணில் படவில்லை. கடைசியில் தேர்தலில் வென்ற அதிபர் பதவியேற்றது 2012 ஜூன் 30. ஆறு மாதம் பதினாறு மாதத்தைத் தாண்டியது. சூடானில் 2019 ஏப்ரல் 11 அன்று அதிபர் பஷீரை இறக்கிவிட்டு, இரண்டு வருடம் ராணுவ ஆட்சி என்று அறிவித்த பாதுகாப்பு அமைச்சர் இப்னு அவுஃப் மறுநாளே போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர் ஜெனரல் புர்ஹான். ஆகஸ்டில் ராணுவமும் சிவிலியன்களும் எழுதிய ஒப்பந்தத்தில் இடைக்காலம் 39 மாதம் என்றார்கள். இரு தரப்பும் சேர்ந்து நாட்டை நடத்திய கவுன்சிலின் தலைமை ராணுவத்திடமிருந்து சிவிலியன்களுக்குக் கைமாறும் நேரம் நெருங்கியபோது, 2021 அக்டோபர் 25 அன்று, புர்ஹானே ஆட்சியைக் கவிழ்த்தார். என் அனுபவத்தில், தேதி வரும் வாரம்தான் ஆபத்தான வாரம்.

எகிப்தின் 2012 ஜூன் மாதத்தை மட்டும் நாள் நாளாக எழுதிப் பாருங்கள். 14-ம் தேதி உச்ச அரசியல் சாசன நீதிமன்றம் நாடாளுமன்றக் கீழவையைக் கலைக்கும்படி தீர்ப்பளித்தது. அந்த அவை கூடி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 16, 17 தேதிகளில் அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்று: முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் மோர்சி, முபாரக்கின் கடைசிப் பிரதமர் ஷஃபிக். 17-ம் தேதி இரவு, வாக்குப்பதிவு முடிந்த கையோடு, ஜெனரல்கள் ஒரு பிரகடனம் விட்டார்கள். சட்டம் இயற்றும் அதிகாரமும் பட்ஜெட்டும் தங்களிடமே என்றார்கள். மாப்பிள்ளை யார் என்று தெரியும் முன்பே வீட்டுப் பத்திரத்தைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொண்ட கதை. 24-ம் தேதி மோர்சி 51.7 சதவீதத்தில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். நாங்கள் அதற்குப் பக்கத்தின் முழு அகலத்துக்கு, எட்டு காலத்தில் தலைப்பு போட்டோம். பிரகடனத்துக்கு ஒரே காலம். அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்து, இரண்டாம் வரிசையில் நிற்பவரைப் பாருங்கள். ஆகஸ்ட் 12 அன்று மோர்சி, பாதுகாப்பு அமைச்சர் தந்தாவியை ஓய்வுபெற அனுப்பினார், ஜூன் பிரகடனத்தையும் ரத்து செய்தார். தைரியசாலிதான் என்று டெஸ்க்கில் பேசிக்கொண்டோம். தந்தாவி இடத்துக்கு வந்த ராணுவ உளவுத்துறைத் தலைவரின் பெயர் செய்தியின் கடைசி வரியில் கிடந்தது. இடம் போதாமல் நான் வெட்டியதும் அந்த வரியைத்தான். அவர் பெயர் அப்தல் ஃபத்தா அல் சிசி. 2013 ஜூலை 3 அன்று மோர்சியை இறக்கியவர். அப்போது இடைக்கால அதிபராக அமர்த்தப்பட்ட அட்லி மன்சூர், முன்பு சொன்னேனே, கீழவையைக் கலைக்கச் சொன்ன அந்த நீதிமன்றத்தின் தலைவர். நீதிமன்றத்துக்கு நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

யாருக்குச் சம்பளம் நின்றது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். 2003 மே மாதம் இராக்கில் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரு வார இடைவெளியில் இரண்டு உத்தரவுகள் போட்டார். முதல் உத்தரவில் சதாம் ஹுசேனின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினர் அரசு வேலை இழந்தார்கள், இரண்டாவதில் ராணுவமே கலைந்தது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். அங்கே பிறகு வருடக்கணக்கில் ஆயுதக் கிளர்ச்சி நடந்தது உங்களுக்கே தெரியும்.

இப்போது என் நோட்டில் ஓடிக்கொண்டிருப்பது சிரியா. 2024 டிசம்பர் 8, அதிபர் அசாத் ஓட்டம். 2025 ஜனவரி 29, ஆயுதக் குழுக்களின் கூட்டத்தில், அசாத்தை விரட்டிய கிளர்ச்சிப் படையின் தலைவர் அகமது அல் ஷரா இடைக்கால அதிபராக அறிவிப்பு. மார்ச் 13, அரசியல் சாசனப் பிரகடனம், இடைக்காலம் ஐந்து வருடம். இடது பக்கத்தில் ‘2030 மார்ச்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வலது பக்கம் காலி.