சொந்த ஊர் அணிக்குத் திரும்பும் நட்சத்திரத்தைக் கவனிப்பது எப்படி?

பெரிய கூடைப்பந்து வீரர் ஒருவர் தம்மை வளர்த்த மண்ணின் அணிக்கே திரும்புகிறார் என்ற செய்தி வந்ததும், கோப்பையும் கூடவே வந்துவிட்டதைப் போல ரசிகர்கள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த மகிழ்ச்சியை யாரும் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வரவேற்பைத் தனியாகவும் ஆட்டத்தைத் தனியாகவும் எடைபோடப் பழகியவர்கள் வரப்போகும் பருவத்தை இன்னும் ஆழமாக ரசிக்க முடியும். அமெரிக்க வீரர் லெப்ரான் ஜேம்ஸ் 2014இல் கிளீவ்லாந்து கவாலியர்ஸ் அணிக்குத் திரும்பியதை வைத்தே இதை விளக்குகிறேன்.

முதலில், அவர் எப்படிப் பிரிந்தார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளீவ்லாந்துக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆக்ரன் நகரில் பிறந்த ஜேம்ஸை, புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வரைவுத் தேர்வில், 2003இன் முதல் வீரராகக் கவாலியர்ஸ் எடுத்துக்கொண்டது. கோப்பை இல்லாத ஏழு பருவங்களுக்குப் பிறகு, 2010 ஜூலையில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தாம் மயாமி ஹீட் அணிக்குச் செல்வதாக அவர் அறிவித்தார். ரசிகர்கள் அவருடைய ஜெர்சிகளை எரித்தார்கள். அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட் கோபம் கொப்பளிக்கும் திறந்த மடல் ஒன்றை வெளியிட்டார். அடுத்த பருவத்தில் அந்த அணி 82 ஆட்டங்களில் 19இல் மட்டுமே வென்றது. இடையில் தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்றது. திரும்பி வருபவர் நிரப்ப வேண்டிய பள்ளம் எவ்வளவு ஆழமானது என்பது இதிலிருந்து புலப்படும்.

அடுத்து, திரும்பி வரும் அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். 2014 ஜூலை 11 அன்று ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் வழியாக வெளியான கட்டுரையில், கோப்பைக்குத் தாம் உறுதி தரவில்லை என்றே ஜேம்ஸ் கூறியிருந்தார். அணியில் ஏற்கெனவே இருந்த கைரி இர்விங், டிரிஸ்டன் தாம்சன் போன்றோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அவர், முந்தைய மாதம்தான் வரைவின் முதல் வீரராக வந்திருந்த ஆண்ட்ரூ விக்கின்ஸைக் குறிப்பிடவே இல்லை. ஆகஸ்டில் விக்கின்ஸ் மினசோட்டா அணிக்கு அனுப்பப்பட்டு, அந்தப் பரிமாற்றத்தில் கெவின் லவ் கிளீவ்லாந்துக்கு வந்தார். ஆகவே, அறிவிப்பில் விடுபட்ட பெயர்களையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒப்பந்தம் என்பது என் உறுதியான கருத்து. இந்த அணிகள் ஆடும் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.பி.ஏ.வில், ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2014-15 பருவத்தில் அது ஏறத்தாழ 6.3 கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே வீரருக்குப் போகும்போது, அந்த இடத்தை முன்கூட்டியே காலிசெய்தாக வேண்டும். அறிவிப்புக்கு முந்தைய நாள்களில் ஜாரெட் ஜாக் உள்ளிட்ட மூவரைக் கவாலியர்ஸ் வேறு அணிகளுக்கு அனுப்பியது இதற்காகத்தான். நட்சத்திரத்தின் வருகையை முதலில் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் இத்தகைய சிறு பரிமாற்றங்களே. ஜேம்ஸுடைய ஒப்பந்தத்தின் காலத்தையும் பாருங்கள்: சுமார் 4.2 கோடி டாலருக்கு இரண்டே ஆண்டுகள், அதிலும் முதல் ஆண்டு முடிந்ததும் விலகிக்கொள்ளும் உரிமை. மனம் ஊரோடு ஒன்றியிருந்தாலும், ஒவ்வொரு கோடையிலும் அணியை வலுப்படுத்தியே தீர வேண்டும் என்ற நெருக்கடியை நிர்வாகத்தின் தோளில் அவர் ஏற்றிவைத்தார்.

முதல் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிரான வரவேற்பு ஆட்டத்தில் ஜேம்ஸ் 15 எறிதல்களில் ஐந்தை மட்டுமே கூடைக்குள் போட்டார், எட்டு முறை பந்தைப் பறிகொடுத்தார். கிளீவ்லாந்து 90-95 என்று தோற்றது. ஜனவரி நடுவில்கூட வெற்றிகள் 19, தோல்விகள் 20 என்ற நிலைதான். முதுகு, முழங்கால் வலிக்காக அவர் இரண்டு வாரம் ஓய்வெடுத்துத் திரும்பிய பின்னர், ஜே.ஆர். ஸ்மித், இமான் ஷம்பர்ட், டிமோஃபி மோஸ்கோவ் ஆகியோரும் வந்து சேர்ந்திருந்ததால், அணி 53 வெற்றிகளுடன் பருவத்தை முடித்தது. அவர் களத்தில் இல்லாத நிமிடங்களில் அணி எப்படி ஆடுகிறது, கடைசி நிமிடங்களில் பந்து யார் கையில் இருக்கிறது, மையத் தடுப்பாட்டக்காரர் கூடையைக் காக்கிறாரா என்பவற்றை நாற்பது ஆட்டங்கள் வரையாவது பொறுமையாகக் கவனியுங்கள்.

கோப்பை 2016இல் வந்தது. 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு எதிரான ஏழு ஆட்ட இறுதித் தொடரில் 1-3 என்று பின்தங்கியிருந்த கவாலியர்ஸ், ஜூன் 19 அன்று ஏழாவது ஆட்டத்தை 93-89 என்று வென்றது. பெரிய விளையாட்டுகளில் அந்த நகரம் 1964க்குப் பிறகு பெற்ற முதல் பட்டம் அது.

கடைசியாக ஒரு சோதனை இருக்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவர் மீண்டும் எதிரணி வீரராக அதே அரங்குக்கு வரும் இரவைப் பாருங்கள். 2010 டிசம்பர் 2 அன்று மயாமிக்காக 38 புள்ளிகள் எடுத்த ஜேம்ஸ் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சலிட்டு இகழ்ந்த அந்த ரசிகர்கள், 2018 நவம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் வீரராக வந்த அவரை எழுந்து நின்று கைதட்டி வரவேற்றார்கள்.