டிஸ்லாம்ல டிஎஸ்எல் போர்ட் செட் பண்றது, அதுக்கப்புறம் அத எப்படி கண்காணிக்கிறது

எல்லாம் ஃபைபர் ஆயிடுச்சே, இன்னுமா டிஎஸ்எல்னு கேப்பீங்க. பழைய எக்ஸ்சேஞ்ச், பெரிய கேம்பஸ், ஹோட்டல்னு காப்பர் கெடக்குற எடத்துல டிஸ்லாம், அதாவது நெறைய டெலிஃபோன் கம்பியில டிஎஸ்எல் இன்டர்நெட் ஏத்தி விடுற பாக்ஸ், இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, அந்த டியூட்டிக்கு புதுசா வர்ற பசங்களுக்கு சொல்லித்தர ஆளுதான் இல்ல. ஏடிஎஸ்எல்2+ கார்டு வெச்சு சொல்றேன், அதவிட வேகமான விடிஎஸ்எல்2க்கு எங்க மாறுதோ அங்க சொல்லிடுறேன்.

மொதல்ல எந்த போர்ட்டுன்னு உறுதி பண்ணுங்க. ஹூவாவே மாதிரி பாக்ஸ்ல ஃபிரேம், ஸ்லாட், போர்ட் மூணும் 0ல இருந்து ஆரம்பிக்கும், 64 போர்ட் கார்டுன்னா 0ல இருந்து 63 வரைக்கும். எம்டிஎஃப்ல (வெளி கேபிளும் பாக்ஸும் சேர்ற ஃபிரேம்) டேக் பிளாக்ல எழுதி வெச்சிருக்கறது 1ல இருந்து. ரிஜிஸ்டர்ல 18ன்னு இருந்தா பாக்ஸ்ல அது 17, இத கவனிக்காம பக்கத்து வீட்டுக்காரர் லைன டீஆக்டிவேட் பண்ணிட்டு இங்க ஒண்ணுமே மாறலையேன்னு உக்காந்திருப்பாங்க.

அடுத்து புரொஃபைல் (ஸ்பீடு, மார்ஜின் மாதிரி செட்டிங் எல்லாம் சேர்ந்தது), பாதி கம்ப்ளைன்ட் இங்கதான் பொறக்குது. டிஃபால்ட் புரொஃபைல தொடாதீங்க, ஏற்கனவே நெறைய போர்ட்டுக்கு போட்டிருக்குற புரொஃபைலயும் எடிட் பண்ணாதீங்க, பல பாக்ஸ்ல சேவ் ஆன அடுத்த செகண்ட் அதுல இருக்குற எல்லா போர்ட்டும் ரீட்ரெய்ன் ஆகும் (லைன் விழுந்து மோடம் பாக்ஸோட மறுபடி சிங்க் ஆகும்), ஃபோன் அடிக்க ஆரம்பிச்சிடும். புதுசா ஒண்ணு உருவாக்கி ஒரு போர்ட்டுக்கு மட்டும் போட்டுப் பாருங்க. டார்கெட் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சல் ஏறினாலும் தாங்க வெச்சுக்குற இடைவெளி) 6 டிபி வைங்க, லைன் மோசம்னா 8, 9 வரை போகலாம். மேக்ஸிமம் ரேட்ட 24 எம்பிக்கு திறந்து விடுறது நம்ம ஆளுங்களுக்கு ஒரு பழக்கம், எனக்கு அது சுத்தமா பிடிக்காது. திறந்து விட்டா மோடம் சிங்க் ஆகுற நேரத்துல லைன் தாங்குற மட்டுக்கும் ஏத்திட்டு வெறும் 6 டிபி மிச்சம் வெச்சுக்கும், மத்தியானம் சிங்க் ஆன லைன் சாயந்திரம் பக்கத்து மோடம் எல்லாம் ஆன் ஆகி இரைச்சல் ஏறினதும் படுத்துடும். பிளான் 8 எம்பின்னா போர்ட்ட 9.5 எம்பி கிட்ட கட்டிடுங்க, ஏடிஎஸ்எல்ல டேட்டா போற ஏடிஎம் செல் 53 பைட்ல 48தான் சரக்கு, பிபிபிஓஇ (லாகின் முறை) ஹெடரும் சேருது, அதனாலதான் அந்த எக்ஸ்ட்ரா. மீதி எல்லாம் மார்ஜினா நிக்கும், கஸ்டமருக்கு லைன் விழவும் விழாது.

இன்டர்லீவிங் (டேட்டாவ கலைச்சு பரப்பி அனுப்புறது, அதனால டிலே ஆகும்), ஐஎன்பி (திடீர் இரைச்சல தாங்குற அளவு) ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இழுக்குற விஷயம். ஐஎன்பி 2ன்னா ரெண்டு சிம்பல், அதாவது அரை மில்லிசெகண்ட் இரைச்சல் அடிச்சாலும் டேட்டா கெடாம சமாளிக்கும், அதுக்கு டிலே வேணும். ஐஎன்பிய ஏத்திட்டு டிலேய கம்மியா வெச்சா ஸ்பீடு விழும், அப்புறம் லைன குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. சாதாரண வீட்டு லைனுக்கு ஐஎன்பி 2, டிலே 8ல இருந்து 16 மில்லிசெகண்ட் போதும். விடிஎஸ்எல்2ல கூடுதலா பேண்ட் பிளான் புரொஃபைல் (எந்த ஃப்ரீக்வென்சி வரை ஓடணும்னு சொல்றது) கேக்கும், கிட்ட இருக்குற லைனுக்கு 17ஏ, தூரம்னா 8பி, ஒண்ணரை கிலோமீட்டர் தாண்டினா விடிஎஸ்எல்2னால பெருசா லாபம் இல்ல.

சர்வீஸ் பக்கம் சுருக்கமா: ஏடிஎஸ்எல்னா விபிஐ விசிஐ (ஏடிஎம் பாதையோட நம்பர்) மோடம், பாக்ஸ் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும் (பிஎஸ்என்எல்ல 0, 35), விலேன் (டிராஃபிக்க பிரிக்குற நம்பர்) சரியா மாட்டணும். சிங்க் இருக்கு நெட் இல்லன்னா போர்ட்ல மோடத்தோட மேக் அட்ரஸ பாக்ஸ் கத்துக்கிச்சான்னு பாருங்க, கத்துக்கிட்டிருந்தா பிரச்சனை பெரும்பாலும் மேல பிராஸ் (லாகின பாக்குற சர்வர்) பக்கம் இல்லன்னா பாஸ்வேர்டு. எல்லாம் ரெடின்னா போர்ட்ட டீஆக்டிவேட், புது புரொஃபைலோட ஆக்டிவேட், அவ்ளோதான். ஆக்டிவேட்டிங்லயே நின்னுட்டா மோடம் ஆஃப், இல்ல எம்டிஎஃப்ல ஜம்பர் வயர் மாட்டல, இல்ல லைன் கட்.

இப்ப கண்காணிப்பு. ஆக்டிவேட்டட்னு காட்டுற போர்ட்ட அப்படியே நம்பாதீங்க. லைன் ஆபரேஷன் பாத்தா மார்ஜின், அட்டனுவேஷன் (வழியில சிக்னல் எவ்ளோ கொறையுது), அட்டெய்னபிள் ரேட் (லைன் தாங்குற அதிகபட்ச ஸ்பீடு) வரும். 0.4 எம்எம் கேபிள்னா ஏடிஎஸ்எல்ல கிலோமீட்டருக்கு சுமார் 13, 14 டிபி அட்டனுவேஷன், கஸ்டமர் 2 கிலோமீட்டர்ல இருந்துட்டு 50 காட்டினா வழியில ஜாயின்ட் எங்கயோ கெட்டிருக்கு. வாய்ஸ் செத்து அப்ஸ்ட்ரீம் ரொம்ப கீழ வந்து ஆனாலும் சிங்க் இருக்குன்னா ஜோடி கம்பியில ஒரு லெக் கட்டான்னு மொதல்ல பாருங்க, ஒத்த கம்பியிலயும் டிஎஸ்எல் நொண்டி நொண்டி ஓடும்.

விஷயமே கவுன்ட்டர்லதான் இருக்கு. ஒவ்வொரு 15 நிமிஷத்துக்கும், 24 மணி நேரத்துக்கும் தனித்தனியா சேரும். ஒரு செகண்ட்ல ஒரு சிஆர்சி (டேட்டா கெட்ட எரர்) வந்தாலே அது இஎஸ் (எரர் செகண்ட்), 18 இல்ல அதுக்கு மேல வந்தா எஸ்இஎஸ் (மோசமான எரர் செகண்ட்), தொடர்ந்து 10 செகண்ட் எஸ்இஎஸ் ஆனா யுஏஎஸ் (லைன் உபயோகப்படாத செகண்ட்) ஓட ஆரம்பிக்கும். எல்பிஆர் ஏறினா மோடத்துக்கு கரண்ட் போயிருக்கு, அதுக்கெல்லாம் லைன்மேன அனுப்பாதீங்க. 15 நிமிஷ கட்டங்கள வரிசையா வெச்சுப் பாத்தீங்கன்னா தெரியும்: நாள் பூரா 2, 3 இஎஸ், காலைல 6ல இருந்து 6:30க்கு ரெண்டு கட்டத்துல மட்டும் 200, 300, மறுநாளும் அதே நேரம், அப்படின்னா யாரோ தண்ணி மோட்டார் போடுறாங்க, அந்த லைனுக்கு ஐஎன்பி ஏத்தினா போதும், கேபிள தோண்ட வேணாம். மழை பெஞ்ச நாள்ல மட்டும் ஏறினா ஜாயின்ட்ல தண்ணி. இதுக்கெல்லாம் பாக்ஸ்ல டைம் சரியா இருக்கணும், என்டிபி (டைம தானா சரி பண்றது) செட் பண்ணாம கவுன்ட்டர் பாக்குறது வேஸ்ட்.

அப்படியும் பிடிபடலன்னா டெல்ட் (ரெண்டு முனையும் சேர்ந்து லைன அளக்குற டெஸ்ட்) போடுங்க, லைன் கொஞ்ச நேரம் விழும், கஸ்டமர்கிட்ட சொல்லிட்டு போடுங்க. எச்லாக் கிராஃப்ல (ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலயும் லைன் எவ்ளோ கடத்துதுன்னு காட்டுறது) ஒரே இடைவெளில பள்ளம் பள்ளமா வந்தா பிரிட்ஜ் டேப், அதாவது எவனோ பழைய டிராப் வயர கழட்டாம விட்டிருக்கான். க்யூஎல்என்ல (சிக்னல் இல்லாதப்போ லைன்ல இருக்குற இரைச்சல்) ஒல்லியா ஒரு கோபுரம் நின்னா ரேடியோ. ஒரு டோன் (டிஎஸ்எல் பிரிச்சு வெச்சிருக்குற ஒரு சின்ன ஃப்ரீக்வென்சி துண்டு) 4.3125 கிலோஹெர்ட்ஸ், திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ், வகுத்தா டோன் 217. சென்னை 720ன்னா 167. அந்த டோன் நம்பர் கிட்ட கோபுரம் நின்னா சந்தேகமே இல்ல, அந்த ரெண்டு மூணு டோன புரொஃபைல்ல பிளாக் பண்ணிட்டா ஸ்பீடு கொஞ்சம் கொறஞ்சாலும் லைன் நிக்கும்.

நூத்துக்கணக்குல போர்ட் இருந்தா எஸ்என்எம்பில (பாக்ஸ தூரத்துல இருந்து கேட்டு அளவு எடுக்குற முறை) 15 நிமிஷத்துக்கு ஒருமுறை கவுன்ட்டர இழுத்து வைங்க, ஏடிஎஸ்எல்2க்கு ஆர்எஃப்சி 4706, விடிஎஸ்எல்2க்கு 5650ல இருக்குற மிப் (எந்த அளவ எப்படி கேக்கணும்னு சொல்ற பட்டியல்) பெரும்பாலும் வேல செய்யும். எல்லா போர்ட்டுக்கும் லிங்க் டவுன் ட்ராப் (லைன் விழுந்தா வர்ற அலாரம்) ஆன் பண்ணாதீங்க, ராத்திரி மோடம் ஆஃப் பண்றவங்க அலாரத்துலயே ஸ்கிரீன் நெறஞ்சிடும், உண்மையான கார்டு ஃபெயிலியர் அதுல தொலைஞ்சிடும். முடிச்சதும் சேவ் கொடுங்க, இல்லன்னா கரண்ட் போய் பாக்ஸ் ரீபூட் ஆனா பழைய கான்ஃபிக்தான் வரும். போர்ட் மாத்தியிருந்தா டிஸ்கிரிப்ஷன்லயும் எம்டிஎஃப் ரிஜிஸ்டர்லயும் அன்னிக்கே எழுதிடுங்க.