பழைய பைப் ரெஞ்சின் வயதைக் கண்டுபிடிக்க

மார்த்தாண்டத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய, குழாயைப் பிடித்துத் திருகும் பைப் ரெஞ்ச்சா? துருவைக் கண்டதும் கம்பி பிரஷை எடுக்காதீர்கள். அது பிடியில் பொறித்த எழுத்தையும் தின்றுவிடும். அடுப்பில்லாத இடத்தில் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் தேயுங்கள். காய்ந்ததும் பிடியின்மேல் சாக்பீஸ் பொடியைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் தங்கிய வெள்ளையில் எழுத்து தெளியும்.

அமெரிக்க நிறுவனமான ‘ரிட்ஜிட்’டின் ரெஞ்சில் ஊர்ப்பெயர் நார்த் ரிட்ஜ்வில் என்றிருந்தால், அநேகமாக 1943க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் நிறுவனம் எலிரியா நகருக்கு மாறியது. காப்புரிமை ஆண்டை நம்பி ஏமாறாதீர்கள். இந்த வகை ரெஞ்சை வடிவமைத்த ஸ்டில்சன் காப்புரிமை பெற்றது 1869இல்; அதே வடிவம் இன்றும் கடையில் கிடைக்கிறது. குழாயைக் கவ்வும் தாடை தேய்ந்தால் கழற்றி மாற்றுவார்கள், எனவே பிடி, தாடை இரண்டிலும் உள்ள எழுத்தைத் தனித்தனியே படியுங்கள். குளச்சலில் நான் ஆசையாக வாங்கியதில் பிடி ஒரு நிறுவனம், தாடை வேறொன்று!