பின்னால் அமுங்கிய ட்ரெய்லர்: என் அனுபவம்

ஆரல்வாய்மொழி பக்கம் இரவு நிறுத்திய ட்ரெய்லர், காலையில் பின்பக்கம் அமுங்கிக் கிடந்தது. "ஏர் பேக் போச்சு அண்ணே, மாத்தணும்" என்றான் கிளீனர் தம்பி. ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பையைத்தான் சொன்னான். எனக்கு மனசு ஒப்பவில்லை. டேங்கில் காற்று நிறைய இருந்ததே!

சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் அடியில் போனேன். காற்றை நம்பித் தலையைக் கொடுக்கவே கூடாது. பைக்குக் காற்றை ஏற்றி இறக்கி வண்டியின் உயரத்தைச் சரியாக வைக்கும் லெவலிங் வால்வையும் ஆக்சிலையும் இணைக்கும் கம்பியின் ரப்பர் புஷ் பிய்ந்து, வால்வின் லீவர் கீழே தொங்கியது. அதனால்தான் பையிலிருந்த காற்றெல்லாம் வெளியேறியிருக்கிறது. லீவரைக் கையால் தூக்கிப் பிடித்தேன். சில நொடி கழித்து உஸ்ஸென்று பை உப்பியது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம், ஒரு குமிழிகூட இல்லை.

புதுக் கம்பி மாட்டி, சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கை விடுவித்தேன். பிரேக் பிடித்திருந்தால், வண்டி ஏறி இறங்கும்போது சக்கரம் லேசாகக்கூட உருள முடியாமல் அளவு தப்பிவிடும். ஆக்சில் நடுவிலிருந்து சேஸிஸ் அடிவரை டேப் பிடித்தால், கம்பெனி சொன்ன உயரத்துக்கு 20 மில்லிமீட்டர் குறைவு. கம்பியைக் கொஞ்சம் நீளமாக்கியதும் வண்டி எழுந்தது. காற்றை இறக்கி, மறுபடி ஏற்றி இரண்டு தடவை அளந்தேன். அதே அளவு. மதியத்துக்குள் தோவாளை தாண்டிவிட்டோம்.