பேங்கர்ஸ் அண்ட் மாஷ்: வெங்காயத்தை விரட்டாதீர்கள்

போன மாதம் எங்கள் பப் கிச்சனில் ஒரு தம்பி அடுப்புப் பக்கம் ஏறினான். இங்கிலாந்துக்கு எம்.எஸ்சி. படிக்க வந்தவன். ஸ்டூடன்ட் விசாவில் காலேஜ் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதில் ஆறு மாதம் பாத்திரம் கழுவிய பிறகு கரண்டி கைக்கு வந்தது. வெங்காயத்தை வதக்கச் சொல்லிவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போய் வந்தேன். "அண்ணே, பொன்னிறமாயிடுச்சு. ஸ்டாக் ஊத்திரட்டுமா?" என்று கேட்டான். ஸ்டாக் என்றால் எலும்போ காய்கறியோ கொதிக்கவைத்த சாறு. கடிகாரத்தைப் பார்த்தேன். 8 நிமிஷம் ஆகியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது. ஏனென்று கீழே சொல்கிறேன்.

பேங்கர்ஸ் அண்ட் மாஷ் என்பது சாசேஜ், மசித்த உருளைக்கிழங்கு, வெங்காய கிரேவி. இங்கிலாந்தில் எந்த பப்புக்குப் போனாலும் கிடைக்கும். நம் ஊர் தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் மாதிரி. யாரும் இதை விருந்து என்று சொல்ல மாட்டார்கள், சொதப்பினால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உப்பு பார், தீயைப் பார் என்ற பால பாடமெல்லாம் நான் எடுக்கப்போவதில்லை. நம் ஊர்க் கைப்பழக்கத்தோடு வந்து நாம் செய்கிற தவறுகள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

சாசேஜ் ஏற்கெனவே வெந்தது என்று நினைப்பது

ஊரில் நாம் பார்த்த சாசேஜ் பெரும்பாலும் ஃப்ரீசரில் இருக்கும் சிக்கன் சாசேஜ். அது வெந்து வருவது. சூடு காட்டினால் போதும். பிரிட்டிஷ் சாசேஜ் பச்சை இறைச்சி. அரைத்த பன்றி இறைச்சி, கொழுப்பு, மசாலா, அதோடு ரஸ்க். டீயில் தொட்டுக்கொள்ளும் ரஸ்க் இல்லை, ஈஸ்ட் போடாமல் சுட்டு நொறுக்கிய ரொட்டித்தூள். கொழுப்பையும் சாற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்வது அதுதான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். போர்க் சாசேஜ் என்று பெயர் போட இங்கே குறைந்தது 42 சதவீதம் இறைச்சி இருந்தால் சட்டப்படி போதும். நல்ல கசாப்புக் கடைகளில் இதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும். சேஜ் இலை மணக்கும் லிங்கன்ஷயர், மிளகு தூக்கலான கம்பர்லாண்ட் இரண்டு வகையுமே பேங்கர்ஸ் அண்ட் மாஷுக்குப் பொருந்தும். கம்பர்லாண்ட் சாசேஜைப் பழைய முறையில் ஜாங்கிரி மாதிரி ஒரே நீளச் சுருளாக விற்பார்கள்.

அகலமான கடாயில் ஒரு ஸ்பூன் கொழுப்பு விட்டு, சிறு தீயில் 20, 25 நிமிஷம் உருட்டி உருட்டி வேகவிட வேண்டும். நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 70 டிகிரி காட்ட வேண்டும், அந்தச் சூட்டில் 2 நிமிஷம் நிற்க வேண்டும். இது இந்த நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு. வெளியே கறுத்து உள்ளே பச்சையாக இருக்கிற சாசேஜை நானே தட்டில் வைத்து அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்தது.

முள்கரண்டியால் குத்துவது

குத்தாதீர்கள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு. தண்ணீரும் ரஸ்க்கும் அதிகமாகச் சேர்த்த சாசேஜ்கள் கடாயில் பட்டாசு மாதிரி வெடித்ததால்தான் 'பேங்கர்' என்று பெயர் வந்தது என்பார்கள். குத்தச் சொல்லும் அறிவுரையும் அந்தக் காலத்துச் சாசேஜுக்குத்தான் பொருந்தும். இன்றைய சாசேஜில் குத்தினால் வெளியேறுவது கொழுப்பும் ருசியும். சிறு தீயில் வைத்தால் தோல் தானாகத் தாங்கும்.

சாசேஜ் வறுத்த கடாயைக் கழுவுவது

கழுவிவிட்டு என் கண்ணில் படாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பழுப்பு, கிரேவிக்குப் போக வேண்டியது.

வெங்காயத்தை அவசரப்படுத்துவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

11 வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. நான் அடுப்புக்கு வந்து மூன்றாவது வாரம். சாயங்காலம் டிவியில் பெரிய மேட்ச், கூட்டம் வரும் என்று தெரியும். ஆறு கிலோ வெங்காயம் வெட்டி, பெரிய பாத்திரத்தில் போட்டு, முழுத் தீ வைத்தேன். நம் வீட்டில் குழம்புக்கு வதக்குகிற பழக்கம் கையில் இருக்கிறது அல்லவா? பத்து நிமிஷத்தில் ஓரமெல்லாம் சிவந்தது. அடியில் கொஞ்சம் கறுத்திருந்தது. நாலு இழைதானே என்று கிளறிக் கலந்துவிட்டேன். அந்தக் கிளறலில்தான் எல்லாம் போனது.

மாவு தூவி, இரண்டு பாட்டில் ஏல் பீர் ஊற்றி, மேலே 10 லிட்டர் ஸ்டாக். அது முந்தின நாள் ராத்திரி முழுக்க மாட்டெலும்பு கொதித்த ஸ்டாக். கொதி வந்ததும் ருசி பார்த்தேன். கசப்பு. நாக்கின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு போகாத கசப்பு. சர்க்கரை போட்டேன். கசப்போடு இனிப்பும் சேர்ந்தது. வினிகர் விட்டேன். வெண்ணெய் போட்டேன். ஒவ்வொன்றும் அந்தக் கசப்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டதே தவிர அதை மறைக்கவில்லை. செஃப் வந்து ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்தார், மறுபக்கத்தை என்னைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேருமாகத் தூக்கிப்போய்க் குப்பை வாளியில் கொட்டினோம். அன்றைக்குப் பலகையில் பேங்கர்ஸ் அண்ட் மாஷ் என்று எழுதியிருந்ததை நானே ஈரத்துணியால் அழித்தேன்.

இதில் கணக்கைப் பாருங்கள். வெங்காயம் மலிவு, ஆறு கிலோ போனால் பெரிய நஷ்டமில்லை. அதன் தலையில் ஊற்றுகிற எல்லாம் விலை. ஒரு ராத்திரி கொதித்த எலும்பு, பீர், வெண்ணெய், கேஸ். வெங்காயம் கருகியது தெரிந்த அந்த நொடியே அதை மட்டும் தூக்கிப்போட்டிருந்தால் இழப்பு ஒன்றுமே இல்லை. கருகலை மறைக்க ஊற்றியதுதான் செலவு. எனக்கு இன்றும் எரிச்சல் வருவது அங்கேதான்.

நம்மவர்கள் ஏன் இதில் விழுகிறோம்? 'பொன்னிறமாக வதக்கவும்' என்ற வார்த்தையைப் பார்த்ததுமே கை ஏழெட்டு நிமிஷத்துக்குப் பழகியிருக்கிறது. அது குழம்புக்குச் சரி. பின்னால் மிளகாய்த்தூள் வரும், மல்லித்தூள் வரும், புளி வரும். இரண்டு இழை கருகினாலும் அடங்கிப்போகும். பிரியாணிக்குப் பொரிக்கும் வெங்காயத்தில் லேசான கசப்பே ஒரு ருசி. இந்த கிரேவியில் ஒளிந்துகொள்ள மசாலா கிடையாது. வெங்காயம்தான் மசாலா.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்துக்குள் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், நல்ல பழுப்பு ஏறாது. முழுத் தீ வைத்தால் அடியைத் தொடும் இழைகள் காய்ந்து கருகும். மேலே இருப்பது பச்சையாகவே கிடக்கும். அதாவது ஒரே பாத்திரத்தில் கரியும் பச்சை வெங்காயமும். தண்ணீர் மெதுவாகப் போக வேண்டும், உள்ளே இருக்கும் சர்க்கரை மெதுவாக நிறம் மாற வேண்டும். இதற்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து எனக்கு ஒருநாளும் ஆனதில்லை.

நாலு பேருக்கு ஒரு கிலோ வெங்காயம். தலையிலிருந்து வேர் வரை நீளவாக்கில் அரியுங்கள். குறுக்கே அரிந்தால் சீக்கிரம் குழையும். அடிகனமான பாத்திரம், 40 கிராம் வெண்ணெய், ஒரு ஸ்பூன் எண்ணெய், அரை ஸ்பூன் உப்பு. முதல் 15 நிமிஷம் மூடி போட்டு, சிறு தீ. மூடியைத் திறந்தால் கண்ணாடி மாதிரி துவண்டு, தன் தண்ணீரிலேயே கிடக்கும். அடுத்த 15 நிமிஷம் மூடி இல்லாமல். சளசளவென்ற சத்தம் குறைந்து, நிறம் வைக்கோலுக்கு வரும். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போகிறது. தீயைக் கூட்டக் கை பரபரக்கும். கூட்டாதீர்கள். கடைசி 15, 20 நிமிஷம் பக்கத்திலேயே நில்லுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கிளறுங்கள். அடியில் பழுப்பு பிடித்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், அந்த நிறம் வெங்காயத்துக்கே திரும்பிவிடும். அடி பழுப்பாக இருக்கும்வரை சுரண்டலாம். கறுத்துவிட்டால் சுரண்டவே கூடாது. மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பாத்திரம் நிறையப் போட்டது ஒரு கை அளவுக்கு வந்து, கருப்பட்டி நிறத்தில், மரக்கரண்டியால் அமுக்கினால் ஜாம் மாதிரி இழுபட்டால் ஆயிற்று.

குறுக்கு வழி உண்டா என்று கேட்பீர்கள். சர்க்கரை போட்டால் சீக்கிரம் சிவப்பது சர்க்கரைதான், வெங்காயம் இல்லை. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நிஜமாகவே சீக்கிரம் சிவக்கும், ஆனால் இழை கூழாகிவிடும். கொஞ்சம் கூடிப்போனால் சோப்பு வாடை. நேரமே இல்லையென்றால் கடையில் பிஸ்டோ என்ற ரெடிமேட் கிரேவித் துகள் வாங்கிக் கொதிதண்ணீர் ஊற்றுங்கள். 1908-ல் பொடியாக வந்த நாளிலிருந்து இந்த நாடு பிஸ்டோவில் ஒரு குறையும் இல்லாமல்தான் சாப்பிட்டு வருகிறது. அரைகுறை வெங்காயத்துக்கு அது எவ்வளவோ மேல்.

மாவைப் பச்சையாக விடுவது

வதங்கிய வெங்காயத்தில் ஒரு பெரிய ஸ்பூன் மைதா தூவி, பச்சை வாசனை போக இரண்டு நிமிஷம் கிளறுங்கள். பிறகு அரை லிட்டர் ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பீர் சேர்ப்பதானால் ஸ்டாக்குக்கு முன்னால் ஒரு டம்ளர் ஊற்றிப் பாதியாக வற்றவிடுங்கள். முன்னே சொன்ன சாசேஜ் கடாயில் கொஞ்சம் ஸ்டாக் விட்டு, அடியைச் சுரண்டி அதையும் இதில் சேருங்கள். கடைசியில் ஒரு ஸ்பூன் வூஸ்டர் சாஸ். இந்த ஆங்கிலேய சாஸில் புளியும் நெத்திலி வகை மீனும் இருப்பது வந்த புதிதில் எனக்குத் தெரியாது. லேபிளைப் படித்த அன்றிலிருந்து அந்த பாட்டிலோடு ஒரு சொந்தம்.

பன்றியோ மாடோ சாப்பிடாதவர்கள் ஆட்டு இறைச்சிச் சாசேஜோ காய்கறிச் சாசேஜோ வைத்து, காய்கறி ஸ்டாக்கில் மார்மைட் என்ற ஈஸ்ட் பசை அரை ஸ்பூன் கரைத்து ஊற்றலாம். வெங்காயத்துக்கு அதே முக்கால் மணி நேரம்தான்.

ஸ்டாக் க்யூப் போட்டுவிட்டு உப்பும் போடுவது

க்யூபிலேயே உப்பு இருக்கிறது. வற்றிய பிறகு ருசி பாருங்கள். அதற்கு முன் உப்பு டப்பாவைத் தொடாதீர்கள்.

எந்த உருளைக்கிழங்கானால் என்ன என்று நினைப்பது

மாவுத்தன்மை உள்ளது வேண்டும். மேரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் இரண்டும் நல்லது. சாலட்டுக்கு விற்கும் சார்லட் போன்ற வழுவழுப்பான வகை மசியாது, இழுபடும். குக்கரில் நாலு விசில் விடுவதும் வேண்டாம். தோல் சீவி, ஒரே அளவாக நறுக்கி, குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் ஓரம் கரையும்போதும் நடு வேகாமல் இருக்கும். வடித்த பிறகு அதே சூடான பாத்திரத்தில் நாலு நிமிஷம் ஆவி பறக்க விடுங்கள். கிழங்கில் தண்ணீர் தங்கினால் வெண்ணெய்க்கு இடம் ஏது?

மிக்ஸி

போட்டால் கோந்து. போஸ்டர் ஒட்டலாம்.

பிளேடு சுற்றுகிற வேகத்தில் கிழங்கின் செல்கள் கிழிந்து ஸ்டார்ச் வெளியே கொட்டிவிடும், அதை எதுவும் திரும்பச் சரிசெய்யாது. இங்கே ரைசர் என்று ஒன்று விற்கிறார்கள். பார்த்ததும் சிரித்துவிட்டேன்: நம் இடியாப்ப அச்சுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும். அம்மா கொடுத்துவிட்ட அச்சிலேயே வீட்டில் பிழிகிறேன், ஒரு குறையும் இல்லை. ஒரு கிலோ கிழங்குக்கு 100 கிராம் வெண்ணெய் முதலில், அது கலந்த பிறகு 150 மில்லி சூடான பால். மரக்கரண்டியால் கலந்து, சேர்ந்து வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

குளிர்ந்த தட்டு

ஜனவரி மாதத்துக் கிச்சனில் பீங்கான் தட்டு ஐஸ் மாதிரி இருக்கும். அதில் கிரேவி ஊற்றி மேஜைக்குப் போவதற்குள் மேலே ஏடு கட்டிவிடும். 60 டிகிரி ஓவனில் பத்து நிமிஷம் தட்டை வையுங்கள். மாஷைக் குவித்து நடுவில் குழி பறித்து, சாசேஜைச் சாய்த்து, குழி நிறைய கிரேவி. ஓரத்தில் இங்கிலீஷ் மஸ்டர்ட், கடுகளவு போதும், மூக்குக்கு ஏறும்.

அந்தத் தம்பியிடம் ஸ்டாக் கரண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை அடுப்புப் பக்கத்தில் போட்டேன். "இன்னும் 37 நிமிஷம் இருக்கு, உட்காரு" என்றேன். தீயைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தான்.