படலை திறந்ததும் பாயும் நாயைக் கிளிக்கர் ஒலியால் பழக்குதல்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் நாயை வளவுக்குள் அவிழ்த்தே விடுவது வழக்கமாகையால், படலைக் கொளுக்கி அசைந்ததும் அது வருபவர் மேல் பாய்ந்து ஏறுவதும், வீட்டுக்காரர் தடியைத் தேடுவதும் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை காணக்கூடிய காட்சிகளே. அடிபட்ட நாய் தடியைக் கண்டு ஒதுங்கப் பழகுகிறதே தவிர, பாய்வதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்பதில்லை.

அதைக் கற்பிக்க உதவும் கிளிக்கர், அழுத்தினால் ‘டிக்’ என ஒலிக்கும் சிறு கருவியாகும். அது கிடைக்காவிடில் குமிழ்முனைப் பேனாவோ, நடுவில் அமிழ்ந்து எழும் ஜாம் போத்தல் மூடியோ போதும். நாய் அமர்ந்த கணத்துக்கும் நீங்கள் இறைச்சியை நீட்டும் கணத்துக்கும் இடையில் 2, 3 செக்கன் கழிந்து, அதற்குள் அது எழுந்துவிட்டால், எழுந்ததற்கே கூலி கிடைத்ததாகக் கொள்ளும். அமர்ந்த கணத்தையே குறித்து, இறைச்சி வருகிறதென உணர்த்தி, அந்த இடைவெளிக்குப் பாலமாவது ஒலி. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களாயிருந்த கெல்லர், மரியன் பிரேலண்ட் தம்பதியர் 1940களிலேயே இவ்வழியில் விலங்குகளைப் பழக்குவதைத் தொழிலாகக் கொண்டனர். 1960களில் ஹவாயில் கரன் பிரயர், கயிறும் தடியும் எட்டாத நீருக்குள் இருந்த டொல்பின்களை விசிலாலும் மீனாலுமே பழக்கினார்.

முதலில் ஒலிக்குப் பொருள் ஏற்ற வேண்டும். உப்பின்றி அவித்த கோழியிறைச்சியைக் கச்சான் பருப்பில் பாதியளவாகக் கிள்ளி வையுங்கள். வெங்காயம் நாயின் குருதிக்குக் கேடு என்பதால் கறிச்சட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தல் ஆகாது. ஓர் ஒலி, உடனே ஒரு துண்டு என 15, 20 தடவை கொடுத்தபின், ஒலி கேட்டதும் நாய் உங்கள் கையைத் தேடுமானால் அது பொருளை அறிந்துவிட்டது.

பின்னர் படலையை விட்டு விலகி நின்று, நாய் தானாக அமரும்வரை பேசாது காத்திருங்கள். பின்கால்கள் மடங்கிப் பின்புறம் மண்ணைத் தொடும் அக்கணத்திலேயே ஒலி எழ வேண்டும். என் நாயிடம் நான் சற்றுப் பிந்தி அழுத்தி வந்தமையால், அமர்ந்தவுடன் எழும்புவதையே அது பாடமாகக் கொண்டது. அதை மாற்ற மேலும் 4 நாட்கள் சென்றன. தவறி அழுத்திவிட்டாலும் துண்டைக் கொடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் ஒலி மீதுள்ள நம்பிக்கை போய்விடும். வெயில் ஏறுமுன், ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும்.

இனிப் படலைக்கு வரலாம். வீட்டில் ஒருவர் கொளுக்கியை மட்டும் அசைக்கட்டும், அடுத்துத் திறக்கட்டும், பிறகு உள்ளே வரட்டும், கடைசியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரட்டும். 10 தடவையில் 8 தடவையாவது நாய் அமர்ந்திருந்தால் மாத்திரம் அடுத்த படிக்குச் செல்லுங்கள். பாய்ந்தால் பேசாது முதுகைத் திருப்புங்கள். பலன் கிடைக்காத பாய்ச்சல் குறைவதற்கு முன் சில நாள் கூடுவது இயல்பு; தடிக்குப் பலரும் திரும்புவது அந்நாட்களிலேதான். அப்போது ‘பாவம்’ என்று ஒருவர் தடவிக் கொடுத்தாலும், விடாது பாய்ந்தால் பலனுண்டு என்று நாய் அறிந்துகொள்ளுமாகையால், வீட்டார் அனைவரும் ஒரே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். உறுமிப் பல்லைக் காட்டும் நாய்க்கு இது போதாது. அதை முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

அமர்வது உறுதிப்பட்டதும், அது அமரப் போகும் தறுவாயில் ‘இரு’ என்று சொல்லிப் பழக்கினால், பின்பு கிளிக்கர் தேவைப்படாது. குளம்பு வெட்டக் காலைத் தராத ஆட்டுக்கும் முறை இதுவே: இறைச்சிக்குப் பதில் பலாவிலைத் துண்டை வைத்துக்கொண்டு, முதலில் காலைத் தொட விட்டதற்கும், பின் ஒரு விரற்கடை தூக்க விட்டதற்கும் ஒலியெழுப்புங்கள்.